ஒரு கை மடித்த சட்டை

எந்த விளம்பரப் படம் தேறும், எது தேறாது என்று ஜெயசீலியின் தூக்கம்தான் சொல்லும். மதியச் சாப்பாடு ஆனதும் கம்பெனியில் படங்களைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு அவள் படுத்துக்கொள்வாள். கனவில் வந்த படம் தேறியது. அன்றைக்கே அது வெளிநாட்டுக்குப் போய்விடும், இங்கே அதன் நிழல்கூட மிஞ்சாது. வராத படத்தை மறுநாள் இன்னொரு தடவை காட்டுவார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அழகிகள் ஒருநாளும் அவள் கனவுக்குள் வந்ததில்லை.

இன்றைக்கு ஒரு நீலச் சட்டை. போட்டிருந்தவன் சட்டையின் ஒரு கையை மடித்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டிருந்தான். ஜெயசீலி கண்ணை மூடினாள்.

கடலே இல்லாத ஒரு கடற்கரை. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. அந்த நீலச் சட்டையில் ராயப்பன் நடந்து வந்தான். போன ஐப்பசியில் செத்துப்போன அவள் புருஷன், இதுவரை ஒரு கனவிலும் எட்டிப் பார்க்காதவன். மடிக்காத கையை நீட்டினான்.

"இத நீ மடிச்சு விடு, சீலி."

ஒரு மடிப்புதான் மடித்தாள். விழிப்பு வந்துவிட்டது.

"அக்கா, சட்டைப் படம் வந்துச்சா?" என்று கேட்டாள், குறித்துக்கொள்ள வந்த நிகிலா.

விரல்நுனியில் துணியின் சூடு இன்னும் ஆறவில்லை.

"வரலம்மா," என்றாள் ஜெயசீலி. "நாளைக்கு மறுபடி காட்டிப் பாரு."