டீ ஆறட்டும்

"நல்லா கீற செட்ட எதுக்கு விக்கிறீங்கோ? செட்டு இன்னா ஊமையா?" என்று கேட்டார் பழைய ரேடியோ கடை தமீம் பாய், அவர்கள் கொண்டுவந்த கையடக்க ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

ஜூடி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சாவியோ பதில் சொல்லிவிட்டான். "அதெல்லாம் இல்ல பாய். வாங்கினதுலேர்ந்து சும்மா தூங்கினுகீது."

அவளுக்கு அது பழகிப்போன விஷயம். திக்குவாய். இருபத்தாறு வயது வரை அவளிடம் வந்த கேள்விக்கெல்லாம் சாவியோதான் பதில். பள்ளிக்கூடத்தில் மட்டும் அவன் கூட உட்கார முடியவில்லை. பெயர் கூப்பிடும்போது 'ப்ரெசென்ட் மிஸ்' என்று சொல்ல வராமல், முதல் பெஞ்சில் இருந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கினாள்.

முகம் தெரியாத இடத்தில் பேச்சு வரும் என்று நம்பித்தான், வானலையில் பேச லைசென்ஸ் தரும் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதினாள். எழுத்துப் பரீட்சைதானே, முதல் தடவையே பாஸ். சாவியோ டிஜிட்டல் செட் வாங்கித் தந்தான். அவள் பெயரில் பதிந்து வாங்கிய ஏழு இலக்க எண்ணை அதில் ஏற்றினான். மணலிப் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருக்கும் ரிப்பீட்டரோடு சேர்த்தும் கொடுத்தான். ராயபுரத்தில் முணுமுணுத்தால் அதை வாங்கி, அத்திப்பட்டு வரை கேட்கும்படி திருப்பி வீசும் பெட்டி அது.

தினமும் மாலை ஏழரைக்கு அந்த ரிப்பீட்டர் வழியாகப் பத்துப் பன்னிரண்டு பேர் பேசக் கூடுவார்கள். அத்திப்பட்டு ஜேக்கப், பெயர் பெயராகக் கூப்பிட்டு, வந்தவர்களை நோட்டில் குறித்துக்கொள்வார். ஒவ்வொருவர் பேசும்போதும் ஜூடியின் செட் திரையில் வெறும் எண்கள் வந்து போகும். ரிப்பீட்டர் ஏதோ கணக்கு வைத்துக்கொள்கிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

கடைசியில் ஜேக்கப், "வேற யாராவது இருக்கீங்களா?" என்பார்.

அப்போது ஜூடி, பேசுவதற்கான பட்டனை அமுக்குவாள். பெயரைச் சொன்னால் போதும். 'ஜூ' தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டனை விட்டுவிடுவாள். நல்லவேளை, யாருக்கும் தெரியாது.

ஜேக்கப்பும் லேசில் முடிக்க மாட்டார். ஒரு நிமிஷம் முழுசாகச் சும்மா இருப்பார். எதற்கு இந்த இழுவை என்று ஒருநாள் யாரோ அலுத்துக்கொண்டதற்கு, "டீ சூடா இருக்கு, ஆறட்டும்" என்றார்.

நாற்பது நாள் அமுக்கிப் பார்த்தாள். அதோடு சரி. இரண்டு நாளாகச் செட்டைப் போடவே இல்லை. வித்துடு, எனக்கும் சேர்த்து நீயே பேசிக்கோ என்று சாவியோவிடம் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"லைசென்ஸ் யாருது?" என்று கேட்டார் தமீம்.

"இவளுதுதான் பாய். தங்கச்சி. ஜூடி."

தமீம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் இடுப்பிலிருந்த செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏழரை ஆய்ப்போச்சு. டெஸ்ட் பண்ணாம எப்டி வாங்கறது? ஜேக்கப் சார் கடைசியா கேப்பாரு பாரு, அப்போ நீயே ஒரு தபா அமுக்கிக் காட்டும்மா. பேசவெல்லாம் வாணாம்."

கடைசித் தடவைதானே என்று ஜூடி செட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பெயர் கூப்பிட்டு முடிந்தது. "வேற யாராவது இருக்கீங்களா?" என்ற குரல் இரண்டு செட்டிலும் கேட்டது.

அமுக்கினாள். 'ஜூ' வழக்கம்போல நின்றுகொண்டது. விட்டுவிட்டாள்.

மேசைமேல் தமீமின் செட் திரை பளிச்சிட்டது. அதில் எண் இல்லை. 'ஜூடி, ராயபுரம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"பேரு லிஸ்ட்ட உன் செட்டுல ஏத்தல, அதான் உனுக்கு நம்பரா வருது" என்றார் தமீம் மெதுவாக. "நீ பேசாங்காட்டியும், அமுக்கினாலே எங்க எல்லாருக்கும் பேரே வரும்."

இரண்டு செட்டிலும் ஜேக்கப்பின் குரல் வந்தது. "வந்துட்டியாம்மா ஜூடி? ரெண்டு நாளா உன் பேரக் காணோமேன்னு இருந்தோம். அவசரமில்ல, டீ இன்னும் ஆறல. எப்பவும் போல ப்ரெசென்ட் போட்டுட்டேன்."