ஃபிராங்குக்கு வந்த பதில்

'இப்படிக்கு, ஃபிராங்க்' என்று முடித்து பாரூக் மூன்றாவது மெயிலையும் அனுப்பினான். முந்தைய இரண்டைப் போல இதிலும் இரண்டே வரிகள்: லினக்ஸ் டிஸ்க்கை உங்கள் சாஃப்ட்வேர் லைப்ரரி விண்டோஸ் டிஸ்க் என்கிறது. தயவுசெய்து உதவுங்கள்.

சொந்தப் பெயரில் வெளியாருக்கு எழுதக் கம்பெனி விடாது. அதோடு, வெள்ளைக்காரப் பெயர் என்றால் சீக்கிரம் பதில் வரும் என்று ஒரு நினைப்பு.

செல்போன் அடித்தது. மேனேஜர் பிச்சுமணி.

"என்னப்பா, ஆச்சா?"

"பாத்துட்டே இருக்கேன் சார்."

"பாத்துட்டே இரு. திங்கட்கிழமை டெமோ, செவ்வாய்க்கிழமை லேஆஃப் லிஸ்ட். நடுவுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

வேலை போனால் விசா போகும். வேறு கம்பெனிக்குத் தாவலாம் என்றால் கிரீன் கார்டு மனு இந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, ஆறு வருடமாக. இருக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டின் ஹாலில், சனிக்கிழமை மதியம், பதில் வந்திருக்கிறதா என்று மெயிலை மறுபடி மறுபடி திறந்து பார்த்தான்.

"பேர்கூடப் போட மாட்டான், திமிர் புடிச்சவன்," என்று மானிட்டரைப் பார்த்துச் சொன்னான்.

அவன் மனைவி முனவ்வரா படுக்கையறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் பழைய லேப்டாப்.

"யாரைத் திட்றீங்க?"

"ஜீரோ செக்டர்னு ஒருத்தன். எந்த டிஸ்க்கைச் சொருகினாலும், இது என்ன டிஸ்க், உள்ள ஃபைலெல்லாம் விண்டோஸ் முறையா லினக்ஸ் முறையான்னு கண்டுபிடிச்சுச் சொல்ற லைப்ரரியை அவன்தான் பாத்துக்கறான். கஸ்டமர் டேட்டாவை நகலெடுத்து வைக்கற எங்க பேக்கப் பாக்ஸ் அதைத்தான் நம்பியிருக்கு. அது டிஸ்க்கை மாத்திச் சொன்னா, மொத்த டேட்டாவும் காலி."

"அந்த டிஸ்க் முன்னாடி விண்டோஸ்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு. போன வாரம்தான் லினக்ஸுக்கு மாத்தினோம். உனக்கெதுக்கு அதெல்லாம்? நாள் பூரா அந்த லேப்டாப்ல சேலைதானே பாக்கறே?"

"ஆமா. பாக்கத்தானே முடியும்."

"உனக்கென்னம்மா, ஜாலி. திட்ட ஆள் இல்லை."

"உங்களுக்காவது திட்ட ஒரு மேனேஜர் இருக்காரு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருபது நிமிடம் கழித்து ஜீரோ செக்டரிடமிருந்து மெயில் வந்தது. சுத்தமான ஆங்கிலம்.

'டியர் ஃபிராங்க், அந்த டிஸ்க் முன்பு விண்டோஸில் இருந்ததால் வந்த குழப்பம் இது. லினக்ஸுக்கு மாற்றும்போது டிஸ்க்கின் ஆரம்பத்தில் உள்ள சில பைட்டுகளை யாரும் தொடுவதில்லை. விண்டோஸின் பழைய அடையாளம் அங்கேயே கிடக்கிறது. என் கோட் அதைப் பார்த்ததும் மேலே தேடாமல் நின்றுவிடுகிறது. தவறு என்னுடையது. திருத்தி அனுப்பியிருக்கிறேன்.'

பாரூக் திருத்தத்தைச் சேர்த்து, டிஸ்க்கைச் சொருகினான். லினக்ஸ் என்றது. பிடுங்கி மறுபடி சொருகினான். லினக்ஸ். மூன்றாவது முறையும்.

"யா அல்லா... முனவ்வரா! தப்பிச்சோம்!"

உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் கேட்டது.

பிச்சுமணிக்கு போன் போட்டான். அவர் நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"உன் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன், நிம்மதியா தூங்கு. ஆமா, அந்த மனுஷன் நம்மகிட்ட வருவாரா? ஆள் எடுக்கக் கூடாதுன்னு மேல தடை. இருந்தாலும் இவருக்கு ஒரு சீட் நான் சண்டை போட்டு வாங்கறேன். இப்பவே கேளு."

பாரூக் பணிவாகத் தட்டினான். 'சார், எங்கள் கம்பெனியில் சேர உங்களுக்கு விருப்பமா? சம்பளம் நீங்கள் கேட்பதுதான். ஃபிராங்க்.'

இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இந்த முறை டியர் ஃபிராங்க் இல்லை. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ்.

"என் விசாவுல வேலை பாக்க அனுமதி இல்லைங்க. சோறு ஆறுது, வாங்க."