முந்தாநாள் டாக்டர் சொன்னது

“முந்தாநாள் டாக்டர் சொன்னதுலேர்ந்து சாப்பாடே இறங்கல மேடம்,” என்றார் மெக்கானிக்.

புற்றுநோய்ப் பிரிவின் மனநல ஆலோசகர், தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“எப்படிச் சொல்றது? அண்ணனைப் பார்த்தா வாயே வர மாட்டேங்குது. வெளியில வண்டியோட நிக்கிறாரு.”

“அவ்வளவு பாசமா?”

“அட நீங்க வேற! ஒரு பொதுச் சுவருக்காக வருஷக்கணக்கா பேச்சுவார்த்தையே இல்லை. எனக்கு இந்த நோய்னு கேள்விப்பட்டதும் ஓடி வந்துட்டாரு. ஒவ்வொரு கீமோவுக்கும் அவர்தான் கூட்டிட்டு வருவாரு. வழியெல்லாம் திட்டிக்கிட்டே வருவாரு. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தெம்பு.”

பாட்டிலைத் திறந்தவர், குடிக்காமலே மூடினார்.

“பயமா இருக்கா?”

“பயமா, துக்கமான்னே புரியல மேடம். எனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?”

“டாக்டர் என்னதான் சொன்னார்?”

மெக்கானிக் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“நோய் சுத்தமாப் போயிருச்சாம். இனி எப்பவாச்சும் வந்து தலையைக் காட்டினாப் போதுமாம். இனிமே அண்ணன் எதுக்கு மேடம் என் வீட்டுப் படியேறப் போறாரு?”

கதவு திறந்தது.

“இன்னும் முடியலையாடா? வெயில்ல எவ்வளவு நேரம் நிக்கிறது?” என்ற அண்ணன், ஆலோசகர் பக்கம் திரும்பினார். “அடுத்து எப்போ கூட்டிட்டு வரணும்மா?”

மெக்கானிக் கெஞ்சலாகப் பார்த்தார்.

“அடுத்த வியாழக்கிழமை,” என்றார் ஆலோசகர். “அன்னிக்கு நீங்களும் உள்ளே வந்து உட்காரணும்.”