பிரித்த கடிதம்

இரண்டு வருட அலைச்சலுக்கு நான்கு நிமிடத்தில் தீர்ப்பு வாசித்துவிட்டார்கள்.

"தரவுப் பாதுகாப்பு அலுவலகம் உங்கள் முறைப்பாட்டை விசாரித்திருக்கிறது. எவ்வளவு ஆழமாகத் தோண்டுவது என்பது அவர்கள் முடிவு. அவர்களுக்குப் பதிலாக நாங்கள் மறுபடி விசாரிக்க முடியாது."

நீதிபதி கோப்பை மூடினார். வழக்கு தள்ளுபடி.

கவிசா நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அம்மா சிவகௌரி.

"அப்ப ஒருத்தரிலயும் பிழையில்லையாம். மனநல டொக்டர் எனக்கு எழுதின கடிதம் எப்பிடியம்மா எசன் நகரத் தமிழ்ச்சனம் முழுக்கப் போனது? காத்திலயா?"

ஜெர்மனிக்கு வந்தாலும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடிதம் வந்த மூன்றாம் நாளே, "அந்தப் பிள்ளைக்கு மனவருத்தமாம்" என்று பேச்சு. நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்த டொக்டரிடம் வேலை செய்த ஒரே தமிழ்ப்பெண் லவினியா. வேறு யார் வாயிலிருந்து வந்திருக்கும்? லவினியாதான் கடித விவரத்தை வெளியே சொன்னாள் என்று கவிசா முறைப்பாடு எழுதினாள். அலுவலகம் ஆதாரம் இல்லை என்றது; அதை எதிர்த்துத்தான் இந்த வழக்கு. ஆனால் சனத்துக்கு ஆதாரம் எதற்கு? டொக்டரும் வம்பு வேண்டாமென்று லவினியாவின் வேலை ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. தேவாலயத்தில்கூட அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

"அவளுக்கு வேலை போனது மட்டும் காணுமே? தண்டனை வேணும். மேல்கோர்ட்டுக்குப் போவன்."

"வேண்டாம் பிள்ளை. விடு."

"உங்களுக்கென்னம்மா? போனது என்ர வாழ்க்கை."

சிவகௌரி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தக் கடிதத்தைப் பிரிச்சது நான்தான்."

கவிசா திரும்பிப் பார்த்தாள்.

"நீ அறையைப் பூட்டிக்கொண்டு அழுதனீ. கேட்டாலும் சொல்லேல்ல. எனக்கு டொச் பாஷை வாசிக்க ஏலாது. படமெடுத்து ரஞ்சினி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினனான். எல்லாருக்கும் அவதானே கடிதம் வாசிச்சுச் சொல்லுறவ. அவ ஆருக்குச் சொன்னாவோ."

இரண்டு வருடமாக இந்த அம்மா கவிசாவோடு எல்லா அலுவலகத்துக்கும் வந்து, பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"கடவுளே. லவினியாவுக்கு ஒண்டுமே தெரியாதே."

"தெரியும். முதல்ல அழுதுகொண்டு அவளிட்டத்தான் கொண்டுபோனனான். 'அது கவிசாவின்ர கடிதம் அன்ரி, நான் வாசிக்கமாட்டன்' எண்டு உறைக்குள்ள வைச்சுத் திருப்பித் தந்தவள்."

"பிறகேன் அவள் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல? வேலை போகேக்குள்ளயாவது சொல்லியிருக்கலாமே."

"நானும் அவளிட்டப் போய் அதைத்தான் கேட்டனான்." சிவகௌரி சொன்னாள். "'நீங்கள் என்னட்ட வந்து அழுததையும் நான் வெளியில சொல்லக்கூடாதே அன்ரி' எண்டாள்."