சாப்பாட்டுக்கு அப்புறம்

"கவர்ல என்னல எழுதியிருக்கான்?" என்று படுத்தபடியே கேட்டார் கணேசபாண்டியன். நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுப்பா" என்றான் மாத்திரை வாங்கி வந்த மகன் வேல்ராஜ்.

"அப்ப சோத்தப் போடு, செண்பகம். வெறும் வாய்வுதான். பூலோகம் மாத்திர உள்ள போனா ஏப்பமா வந்துரும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வரமாட்டார். வருகிற நாளிலும் மும்பை தாராவியின் அந்தச் சந்தில் யாரும் முதலில் அவரிடம் போவதில்லை. மெடிக்கல் கடைப் பூலோகத்திடம்தான் போவார்கள். அங்கே வரிசை கிடையாது, அரைநாள் வேலை கெடாது. 'நெஞ்சுல வாய்வு அடைக்கு' என்று ஊர்ப் பேச்சில் சொன்னால் அவருக்குப் புரியும்.

செண்பகவல்லி குழம்பை இறக்கிவைத்துச் சோறு போட்டாள். அவர் நாலு கவளம் சாப்பிட்டார், மாத்திரையை விழுங்கினார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று மணிக்கு டீ குடிக்க எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வேல்ராஜ் வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த மாத்திரக் கவர் எங்கம்மா? ஹார்ட் அட்டாக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. ஹார்ட் அட்டாக்குக்கு கேஸ் மாத்திர குடுத்திருக்கான் அந்த ஆளு. அவன் கையெழுத்து இருக்குல்ல, போட்டோ எடுத்து ஏரியா குரூப்ல போடுறேன். எல்லாரும் படிக்கட்டும்."

"அது குப்பைக்குப் போயிட்டு."

"பாகல் ஆயிட்டியா நீ? பைத்தியமா? அதான் ப்ரூஃபே!"

"போனவுக போயாச்சு. அந்த மனுசன விட்டுரு, ஐயா."

"அப்பாவ விட அவன் உனக்குப் பெருசாப் போயிட்டானா?"

அவன் படியிறங்கியதும் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினாள்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "வெள்ள மாத்திர கேக்கமாட்டேங்கு, பழைய சிவப்பையே குடும்" என்று ஒரு கிழவர் பூலோகத்திடம் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை ஒதுக்கிவிட்டு வேல்ராஜ் எட்டிப் பூலோகத்தின் சட்டையைப் பிடித்தான்.

"மாமா மாமான்னு கூப்பிட்டேனே உன்னய! எங்கப்பாவுக்கு என்ன குடுத்த? சொல்லு!"

பூலோகத்தின் கண்ணாடி கழன்று விழுந்தது. "மருமவனே, நான் கவர்லயே எழு..."

"கவர் இல்ல, அண்ணாச்சி!" செண்பகவல்லியின் குரல் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "தொலஞ்சு போயிட்டு. சாப்பாட்டுக்கு அப்புறம்னு நீங்க எழுதியிருந்தீக. இவன்தான் படிச்சுச் சொன்னான். படிச்சபடியேதான் நாங்க குடுத்தோம்."

பூலோகம் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "அப்படித்தான் எழுதினேன். வாய்வுன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடதுதான், மருமவனே."

வேல்ராஜ் ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. இல்லை என்று சாதித்திருந்தால் அடித்திருப்பான். சட்டையை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைபோல விம்மிக்கொண்டே சந்துக்குள் நடந்தான். கூட்டத்தில் இரண்டு பேர் வாங்கிய மாத்திரையை மேஜையிலேயே வைத்துவிட்டு நழுவினார்கள். சிவப்பு மாத்திரைக் கிழவரோடு மற்றவர்களும் கிளம்பினார்கள்.

"இனி இந்தக் கடைக்கு எவன் வருவான்!" என்று பூலோகம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "கூட்டத்துல சொன்னா பய பயந்துருவான்னு வாயால சொல்லாம விட்டேன், தாயி. நானே ஓடி வந்திருக்கணும்."

"நானாவது அடுப்ப விட்டு எந்திரிச்சு வந்து பாத்திருக்கணும்" என்றாள் செண்பகவல்லி.

இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த கவரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கிழிச்சுப் போட்டுருங்க, அண்ணாச்சி. எப்பவும் நீங்க எழுதுறது அதுதானேன்னு எம் பய சொல்லிட்டான்."

பூலோகத்தின் குண்டு குண்டான எழுத்தில் கவரில் இருந்தது இதுதான்: 'பாண்டி, இது வாய்வு இல்ல. மாத்திரைய இப்பவே கடிச்சு முழுங்கு. சாப்பிட உக்காராத. டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடு.'

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த வேல்ராஜுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.