பதினைந்தாவது வீடு

"ரமணி, டெங்கில் எஸ்டேட் மேப்பைத் திற. 1970க்கு முன்னாடி குடிவந்த வீடுகளை மட்டும் சிவப்பாக் காட்டு," என்றார் பாஸ் நாச்சியப்பன்.

கம்ப்யூட்டரில் குவெரி போட்டேன். பதினான்கு வீடுகள் சிவந்தன.

"நேத்து பதினஞ்சு வந்துச்சே?"

"ஒரு வீட்டுக்கு வருஷம் தப்பா இருந்துச்சு பாஸ். திருத்திட்டேன்."

சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை.

பாஸ் மேப் பிரிண்ட்டில் கையெழுத்துப் போட்டு, எஸ்டேட்டை வாங்கிய டெவலப்பர் அனுப்பி, காத்திருந்த டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

"இந்தப் பதினாலு குடும்பமும் தப்பிச்சுச்சுலா. அவங்களுக்கு மட்டும்தான் மாற்று வீடு. மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. திங்கக்கிழமை புல்டோசர் வருது."

போன் அடித்தது. அம்மா.

"ஏன்டி, சொன்ன மாதிரி நம்ம வீட்டுச் சிவப்பை அழிச்சிட்டியா? இனிமே இடிக்க மாட்டாங்கதானே?"