கடைசி ஆள் வரும்வரை

பல் டாக்டரம்மா கையைத் தூக்கியதுமே தலைவருக்குப் புரிந்துவிட்டது, இது திட்டம் போட்டுச் செய்கிற வேலை என்று. கால்வாய்க்கரைப் பாதை இரண்டாகப் பிரியும் இடம் அது.

"நீங்க நின்னுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா இடது பக்கம் சைக்கிளைத் திருப்பிப் போயே போய்விட்டார்.

சைக்கிள் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பாதை பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் வருகிறவர் இறங்கி நின்று மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தைப் போட்டவரே தலைவர்தான்.

தேர்தல் நாளில் பதவியில் இருக்கிற தலைவர் முன்னால் ஓட்டக் கூடாது என்பதால் இன்று டாக்டரம்மா முன்னால். இரண்டாவது இடத்தையாவது விட்டுக்கொடுப்போம் என்று தலைவருக்குத் தோன்றவில்லை. வீட்டிலேயே தோன்றாது; மனைவி கடைக்குப் போனால்கூட எந்தத் தெரு வழியாகப் போய் எந்தத் தெரு வழியாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற மனுஷர்.

மதகடியில் சாப்பாடு. சரியாக ஒரு மணிக்குத் தேர்தல். அதற்குள் வந்து சேராதவர் பெயரைப் போட்டியில் சேர்க்கக் கூடாது, அதுவும் அவர் எழுதிய சட்டம்தான். மூக்குக்கண்ணாடிக் கடையை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, அவருக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பதவி ஒன்றுதான். அதற்குத்தான் டாக்டரம்மா குறி வைத்திருக்கிறார்.

பதினேழு பேர் அவரைக் கடந்து போனார்கள். பாக்கி ஒரே ஒருத்தன், அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. சங்கத்திலேயே வேகமாக ஓட்டுகிறவன், இன்று எல்லோருக்கும் கடைசியில் வருகிற வேலையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

"நான் கடைசில வர்றேன் அத்தான். யாருக்காவது பஞ்சரானா பாத்துக்கறேன்."

இப்படி ஒரு மச்சான் யாருக்கு வாய்ப்பான் என்று காலையில் தலைவர் பூரித்துப் போயிருந்தார். இப்போது மணி பன்னிரண்டரை. மச்சானைக் காணோம். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டாக்டரம்மாவும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்!

சாப்பாட்டு வேனில் முன்கூட்டியே மதகடிக்குப் போயிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் தம்பியைக் காணோம்டி. தண்ணில கிண்ணில விழுந்துட்டானோன்னு பயமா இருக்கு."

"அதெல்லாம் விழுந்திருக்க மாட்டான். டயர்ல காத்து போயிருக்கும். நீங்க அங்கேயே நில்லுங்க."

"தேர்தலுக்கு நேரமாகுதே?"

"சட்டம் போட்ட நீங்களே பாதில விட்டுட்டு வந்தா, நாளைக்கு யாரு மதிப்பாங்க?"

குரலில் பதற்றமே இல்லை. தான் பதறினால் புருஷனும் பதறிவிடுவார் என்று அடக்கிக்கொள்கிறாள், பாவம்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அழுத்தி மிதித்தால் மதகடிக்குப் போய்விடலாம். பதவியா, மச்சானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினார்.

நாணல் மண்டிய இடத்தில் எல்லாம் இறங்கி இறங்கிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கத்தினார். ஒரு மரப்பாலத்துப் பக்கம் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெண்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மஞ்ச சட்டை போட்டவரா? பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைல பறந்து போனாரே! அது ஆச்சு ஒரு மணி நேரம்."

உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. வேறு வழி சொல்லிக் கொடுத்துப் பையனை ஏமாற்றி அனுப்பியிருக்கிறார் அந்த டாக்டரம்மா. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

மதகடிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றே முக்கால். பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர் முகத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க சார் போயிட்டீங்க?" என்று டாக்டரம்மா எழுந்து வந்தார்.

"நடிக்காதீங்க டாக்டர். என்னைக் கரைல நிறுத்திட்டு நீங்க தலைவராயிட்டீங்க. சந்தோஷம்தானே?"

"நானா? நான் பேரே குடுக்கலையே சார். ஒரு மணிக்கு இருந்தது ஒரே ஒரு பேர்தான்."

அவர் கை காட்டிய பக்கம் தலைவர் திரும்பினார். வேன் நிழலில் மச்சான் உட்கார்ந்திருந்தான். தலைவருக்கான விசில் அவன் கழுத்தில் தொங்கியது. குனிந்த தலை நிமிரவில்லை.

பத்து வயதில் அவனுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். நேராக மனைவியிடம் போனார். வேன் கதவோரம் நின்று அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி உன் தம்பி செஞ்ச துரோகத்தை! அவன் உயிரோட இருக்கானான்னு நான் கால்வாய் பூரா தேடிட்டு வர்றேன்..."

மனைவி ஒரு தட்டைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவன் மாட்டேன்னுதாங்க சொன்னான். நான்தான் விடலை."